காசிமேட்டில் ராத்திரி, அர்ஜென்டினாவில் பகல்

2025 ஜூலை 31, வியாழன் – பீச் ஸ்டேஷன், காசிமேடு

ஒரு வாரமாகவே அர்ஜென்டினாக்காரர்கள் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டின் மார் டெல் பிளாட்டா என்ற ஊருக்கு நேரே, கரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதற்குள் சூபாஸ்டியன் என்கிற ஆளில்லா இயந்திரத்தை இறக்கி, அதன் கேமரா காண்பதை அப்படியே யூடியூபில் நேரலையாக விடுகிறார்கள். கப்பல் ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிடியூட் என்ற கடல் ஆய்வு அமைப்பின் ஃபால்கோர் டூ. அதில் இருக்கிற விஞ்ஞானிகள் கோனிசெட் என்ற அந்நாட்டு ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கடிகாரம் நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அங்கே காலையில் இறக்கினால் நமக்கு விளக்கு வைக்கிற நேரம். அங்கே சாயங்காலம் ஏற்றினால் இங்கே நடுநிசி தாண்டிவிடும்.

இப்படிக் கண் சிவந்து கிடந்த நேரத்தில்தான் நண்பன் போன் செய்தான். "ஞாயித்துக்கிழமை எங்க தெருவுல கூழ் ஊத்துறாங்க. ரெண்டு நாள் முன்னாடியே வா. காசிமேட்டுல அண்ணன் வீட்டுல தங்கிக்கோ." திருப்பூர்க்காரனுக்குக் கடல் என்றால் மெரினாவில் கால் நனைப்பதுதான். சரி என்று கிளம்பிவிட்டேன்.

பீச் ஸ்டேஷன் எதிரே இறங்கியதும் பர்மாக் கடையில் ஒரு அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். 80 ரூபாய். வாழைத்தண்டு சூப்பைக் கேட்காமலேயே கிண்ணத்தில் ஊற்றி, காலியானதும் மறுபடி ஊற்றினார் கடைக்காரர். "ஊருக்குப் புதுசா? காரம் கொறச்சிட்டேன்" என்றார். குறைத்தே அவ்வளவு.

ஆட்டோக்காரர் 200 கேட்டார். ஷேர் ஆட்டோ 20. நெருக்கியடித்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த அம்மா, "இத்த கொஞ்சம் புடி கண்ணு" என்று காலி மீன் கூடையை என் மடியில் வைத்துவிட்டு, இறங்குகிற வரை அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் பேண்ட் இன்னும் அந்தப் பயணத்தை மறக்கவில்லை.

அண்ணன் ஒரு விசைப்படகில் பங்குதாரர். வீட்டில் அண்ணி, ஒன்பதாவது படிக்கிற பையன், நண்பனின் அப்பா. அவரை வீடும் தெருவும் நைனா என்றுதான் கூப்பிடுகின்றன. நானும் அப்படியே. முதலில் கட்டுமரம், பிறகு விசைப்படகு என்று நாற்பது வருஷத்துக்கு மேல் கடலில் இருந்தவர். முட்டி போனபின் கரையோடு இருக்கிறார்.

எட்டு மணிக்கு வீடு தூங்கப் போகிறது. இரண்டு மணிக்கு எழுந்தால்தான் ஏலத்துக்குப் போக முடியும். நான் மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்து உட்கார்ந்தேன். நைனாவுக்கும் தூக்கம் வரவில்லை.

"இன்னாது இது? தூசு மாதிரி பறக்குது?"

கடல் பனி என்று இதைச் சொல்வார்கள், மேலே செத்துப்போன சின்னச் சின்ன உயிர்களின் துணுக்கும் கழிவும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், அடியில் வாழ்கிற பலதுக்கு அதுதான் சோறு என்றேன். தலையாட்டினார். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். திரையில் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் என்று இருந்தது. மீட்டர் அவருக்குச் சரிப்படவில்லை. பாகக் கணக்கில் சொல்லு என்றார். விரித்த இரண்டு கைகளின் நீளம் ஒரு பாகம். போனில் கணக்குப் போட்டு, ஐந்நூற்று ஐம்பது பாகத்துக்கு மேல் என்றேன். கல்லைக் கட்டிக் கயிற்றை இறக்கி, இரண்டு கையையும் விரித்து அளந்து ஆழம் பார்த்த மனிதர். "நாப்பது பாகத்துக்கே கை வலிக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி – காசிமேடு

இரண்டரைக்கு அண்ணனோடு ஏலத்துக்கு. ஒரு மணிநேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டேன். மஞ்சள் விளக்கு, ஐஸ் உடைக்கிற சத்தம், மீன்பாடி வண்டிகளின் ஹாரன், காலுக்கடியில் சகதி. ஏலம் விடுகிறவர் பேசுவது எனக்கு ஸ்பானிஷ் அளவுக்குத்தான் புரிந்தது. சங்கரா கிலோ 350, நல்ல வஞ்சிரம் ஆயிரத்தைத் தொட்டது. ஓரமாக ஒரு குவியல், பெயரில்லாத குட்டி மீன்களும் நண்டுகளும் சிப்பிகளும். கழிசல், கோழித் தீவனத்துக்குப் போகும் என்றார் அண்ணன். இதில் பாதியை சூபாஸ்டியன் கேமரா முன்னால் நிறுத்தியிருந்தால் விஞ்ஞானிகள் கத்திக் கூப்பாடு போட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

பகல் முழுக்கத் தூக்கம். மதியம் அண்ணி நெத்திலிக் குழம்பு வைத்து எழுப்பினார். சாயங்காலம் ஒரு மழை, அதோடு கரண்டும் போனது. பையனின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்து லேப்டாப்பில் பார்த்தோம். அவனுடைய அன்றைய டேட்டா முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி சொன்னார்.

கரண்ட் வந்தபின் தெருவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஊதா நிறத்தில் ஒன்று சேற்றில் ஊர்ந்து போனது. எல்லாரும் ஒரே குரலில், "அட்டை! கடல் அட்டை!" அந்த நாட்டில் ஆளாளுக்குச் செல்லப்பெயர் வைத்துக் கொஞ்சுகிற பிராணி. இங்கே ஒருத்தர், "புடிச்சா ஜெயிலு" என்றார். உண்மைதான். இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியோடு சேர்த்து. வலையில் தானாக வந்து சிக்கினாலும் தலைவலி என்பது இவர்கள் அனுபவம்.

அதன் மேல் இரண்டு ஒளிப்புள்ளிகள் விழுந்தன. லேசர். இரண்டுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர், அதை வைத்துத்தான் எதன் நீளத்தையும் சொல்வார்கள் என்றேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் பையன் அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஆகஸ்ட் 2, சனி – எண்ணூர், காட்டுப்பள்ளி

அண்ணனின் பைக்கில் வடக்கே. திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. டிரைவர்கள் லாரி நிழலில் அடுப்பு மூட்டிச் சோறாக்குகிறார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். எதிரே நகராத வரிசை, பின்னால் நகராத வரிசை. குடித்தோம். காசு வாங்கவில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது. ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது இந்த ஆற்றில்தான். கரையில் நின்ற பெரியவர் ஒருவர், படகிலும் வலையிலும் ஒட்டிய கறுப்பு பல மாதம் போகவில்லை என்றார். அதைச் சொல்லிவிட்டு, "இறால் வாங்குறியா?" என்றும் கேட்டார். கால் கிலோ 120. அண்ணன் தயங்காமல் வாங்கினார்.

காட்டுப்பள்ளிக்கு நான் போக ஆசைப்பட்டதற்குக் காரணம் வேறு. இந்த ஆண்டு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை, அந்தத் துறைமுகத் தண்ணீரில்தான் மத்ஸ்யா 6000ஐ இறக்கிப் பார்த்தார்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் நீர்மூழ்கி அது. மூன்று பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டுபோவது இலக்கு. ஆட்கள் உட்காரும் கோளத்தின் விட்டம் 2.1 மீட்டர்தான். வழக்கமாக 12 மணி நேரம், ஆபத்து என்றால் 96 மணி நேரம் வரை உயிர் தாங்க ஏற்பாடு. காட்டுப்பள்ளிச் சோதனையில் ஒரு சங்கடம் வந்தது. துறைமுகத்தில் ஆழம் குறைவு என்பதால் தண்ணீருக்கடியில் குரல் தொடர்பு அவ்வளவு நன்றாக அமையவில்லை. ரேடியோ அலை கடல்நீருக்குள் அதிக தூரம் போகாது, ஒலியை வைத்துத்தான் பேச வேண்டும். ஆழமில்லாத இடத்தில் ஒலி தரையிலும் மேற்பரப்பிலும் மோதி மோதிக் குழம்பிவிடும். சூபாஸ்டியனுக்கு இந்தத் தொல்லை இல்லை. கப்பலிலிருந்து அது வரைக்கும் ஒரே கயிறு, அதற்குள் கண்ணாடி இழை, படம் அந்த வழியாக மேலே வந்து செயற்கைக்கோளுக்குப் போகிறது.

துறைமுக வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை, விடவும் கூடாது. ஆனால் நாங்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்து கேனில் இருந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். மத்ஸ்யாவைப் பார்த்தீர்களா என்றேன். "மஞ்சளா ஒண்ணு கொண்டாந்தாங்கனு பேசிக்கிட்டாங்க சார்" என்றார். அவ்வளவுதான் காட்டுப்பள்ளி. திரும்பும் வழியில் தூசியும் லாரியும். வீடு சேர மூன்றரை மணி நேரம். அந்த கால் கிலோ இறால் நாறாமல் வந்ததே பெரிது.

ராத்திரி நைனா கேட்டார்: "இவன் ஊர் கடலு போதும். நம்ம கடலைக் காட்டு."

இந்தக் கேள்விக்கு என்னிடம் டிவி ரிமோட்டில் பதில் இல்லை. இந்தியாவிடம் இயந்திரம் இல்லாமல் இல்லை. ரோசப் 6000 என்ற ஆளில்லா ஊர்தி 2010லேயே நடு இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் வரை போய்வந்தது. 2024 டிசம்பரில் சாகர் நிதி கப்பலிலிருந்து இறக்கிய தானியங்கி ஊர்தி, 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்று ஒன்றைப் படம் எடுத்தது. ஆனால் இப்படி நேரலையாக, காசிமேட்டு டிவியில் பார்க்கிற மாதிரி நான் பார்த்ததில்லை.

இந்த மே மாதம் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. ஆழ்கடல் தரையில் மனிதர்கள் கண்ணால் கண்டது 0.001 சதவீதத்துக்கும் குறைவு. மொத்தமாகச் சேர்த்தாலும் கோவா மாநிலத்தைவிடச் சற்றுப் பெரிய பரப்புதான். அப்படி இறங்கியவற்றில் 97 சதவீதம் அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி என்ற ஐந்து நாடுகளின் கைவேலை. நைனாவிடம் இதைச் சொன்னேன். "பார்த்தவன் சொல்றதுதான் கணக்கு" என்றார். நாற்பது வருஷம் கடலைக் கயிற்றால் தடவிப் பார்த்தவர் இதைச் சொல்கிறார். எனக்கு அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு – ராயபுரம், மறுபடி காசிமேடு

ஆடிப்பெருக்கும் ஞாயிறும் சேர்ந்து வந்துவிட்டது. தெருவை அடைத்துப் பந்தல், ஒலிபெருக்கி, வேப்பிலை. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். யார் எவர் என்று கேட்காமல் சொம்பு நீட்டுகிற எல்லாருக்கும் ஊற்றுகிறார்கள். என்னிடம் பாத்திரம் இல்லை. எதிர்வீட்டு அக்கா உள்ளே போய் ஒரு தூக்குவாளி கொண்டுவந்து கொடுத்து, "கழுவிக் குடுத்துடு" என்றார். இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு நண்பனோடு அவன் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். கூழுக்குப் பின்னால் வரும் தூக்கம் தனி ரகம், ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன்.

ராத்திரிக் கூட்டம் பெருகிவிட்டது. ஹாலில் ஒன்பது பேராவது இருக்கும், வாசலில் இரண்டு குழந்தைகள். கணவாய் வகையில் ஒரு கடம்பா திரையில் வந்து போனது. உடனே அண்ணி, "இது கிலோ என்ன போகும்?" இந்த மார்ச்சில் தெற்கு சாண்ட்விச் தீவுகள் பக்கம், 600 மீட்டர் ஆழத்தில், இதே சூபாஸ்டியன்தான் கொலோசல் ஸ்க்விட் என்கிற ராட்சசக் கணவாயை அதன் வீட்டிலேயே முதன்முதலாகப் படம் பிடித்தது என்றேன். அதற்குப் பெயர் வைத்து 100 வருஷம் ஆன பிறகு. வளர்ந்தால் ஏழு மீட்டர், 500 கிலோ வரை போகக்கூடும் என்கிறார்கள், படத்தில் சிக்கியது 30 சென்டிமீட்டர் குட்டி. 500 கிலோவுக்கு அண்ணி மனக்கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

நேரலைக்குப் பக்கத்தில் ஓடுகிற அரட்டைப் பெட்டியை எனக்குப் பிடிக்காது. இதயமும் கொடியும் மழையாகக் கொட்டுகின்றன, ஒரு உருப்படியான கேள்வி நாலு நொடிகூட நிற்பதில்லை. இதையும் பங்கெடுப்பது என்கிறார்கள். மற்ற ஆய்வுக் கப்பல்களில் வேறு ஏற்பாடு உண்டு. அமெரிக்காவின் ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பலில் நிபுணர்கள் பாதிக்குமேல் கரையில்தான் இருப்பார்கள், அவரவர் ஊரிலிருந்து போன் வழியாகப் பேசி "அந்தப் பாறையை இன்னொரு தடவை காட்டு" என்பார்கள். டைட்டானிக்கைக் கண்டுபிடித்த ராபர்ட் பல்லார்டும் 1980களிலிருந்தே இதைத்தான் சொல்லிவந்தார். ஆளைக் கீழே அனுப்புவதைவிடக் கண்ணை அனுப்பு, கரையில் நூறு பேர் பார்க்கட்டும் என்பது அவர் கட்சி. ஆனால் அப்படிப் போனில் பேச இடம் கிடைப்பது பெரும்பாலும் நிபுணர்களுக்குத்தான்.

சூபாஸ்டியன் ஒரு பாறைச் சரிவின் அடியில் இறங்கியது. சேறு கிளம்பித் திரை மூடிக்கொண்டது. ஓட்டுகிறவர் காத்திருந்தார். கலங்கல் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது.

"நீரோட்டம் வலப்பக்கத்துலேர்ந்து வருது" என்றார் நைனா. "பாருக்கு அந்தாண்ட போவச் சொல்லு. நீரோட்டம் அடிக்கிற பக்கம்தான் எதுனா நிக்கும். இங்க ஒண்ணும் இருக்காது."

பையன் அதை ஆங்கிலத்தில் தட்டி, போனில் ஸ்பானிஷாக மாற்றி, அரட்டைப் பெட்டியில் போட்டான். "இந்தியாவிலிருந்து என் தாத்தா, மீனவர், சொல்கிறார்" என்று முதல் வரியைத் தானாகவே சேர்த்தான். நாலு நொடியில் அது மேலே போய் மறைந்தது. கப்பலில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இயந்திரம் தானே பாறையைச் சுற்றிப் போனது. வலப்பக்கம் முழுக்கப் பவளம், வெள்ளையும் ஆரஞ்சுமாக, விரல்களை நீரோட்டத்துக்கு எதிரே விரித்துக்கொண்டு. இரை தேடி நகர முடியாத ஜீவன்கள், நீரோட்டம் கொண்டுவருவதைத்தான் பிடித்துத் தின்னும். அதை விஞ்ஞானிகளும் அறிவார்கள், அதனால்தான் போனார்கள். ஹாலில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நைனா சொல்லிக் கப்பல் கேட்டது என்றே தெரு முழுக்கப் பேச்சு.

ஒருவர் மட்டும் பதில் எழுதியிருந்தார், ரொசாரியோ நகரத்திலிருந்து. பையன் மாற்றிப் படித்தான்: "தாத்தாவுக்கு என் வணக்கம். அங்கே இப்போது மணி என்ன? அவர் ஏன் இன்னும் தூங்கவில்லை?"

நைனாவுக்கு வேறு கவலை. "இத்தினி ஆழத்துல நங்கூரம் போட முடியாது. கப்பல் எப்படி ஒரே எடத்துல நிக்குது?" ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லச் சொல்ல, கப்பலின் அடியில் இருக்கிற சுழலிகள் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிறுத்தும் என்றேன். "டீசல்?" என்று கேட்டார் அண்ணன். அதுதான் இந்த வீட்டின் கேள்வி. ஆழத்தின் அழுத்தத்தைப் பற்றியும் சொன்னேன்: ஆயிரம் மீட்டரில் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் 100 கிலோ உட்கார்ந்திருக்கும். அதைக் கேட்டு வியந்தவர்கள் பலர். டீசலைக் கேட்டு வியந்தவர் அண்ணன் ஒருவர்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள் – காசிமேட்டிலிருந்து சென்ட்ரல்

நடுராத்திரிக்கு மேல் இயந்திரத்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். திரையில் வெறும் கறுப்பும் கடல் பனியும். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நைனா போகவில்லை.

"இப்பதான் பார்க்கணும். எறக்குறது ஈஸி. பக்கத்துல வந்ததுக்கப்புறம் அலை தூக்கி அடிக்கும் பாரு, அப்பதான் கையி காலு போவும்."

ஆழ்கடல் ஆய்வில் இருக்கிறவர்களும் இதையே சொல்வார்கள். கடலடியைவிட, இறக்கும்போதும் ஏற்றும்போதும் மேற்பரப்பில்தான் ஆபத்து அதிகம். ஒரு மணிநேரம் அந்தக் கறுப்பையே பார்த்தோம். மேற்பரப்பு நெருங்கியதும் நேரலை முடிந்துவிட்டது. நைனா என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் சுவிட்சை அணைத்தவன் போலிருந்தது. அதே நேரத்தில் அண்ணன் எழுந்து லுங்கியை மாற்றிக்கொண்டு ஏலத்துக்குக் கிளம்பினார்.

காலையில் அண்ணி ஐஸ் போட்டு ஒரு பார்சல் கட்டிக் கொடுத்தார். ரயிலில் அதன் தண்ணீர் கசிந்து, கீழ் பெர்த்காரர் சேலம் வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சேலத்தில் அவரே முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, "எடுத்துக்குங்க" என்றார். பிறகு, "வஞ்சிரமா?" என்று கேட்டார். சங்கரா என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

இதை எழுதி முடிப்பதற்குள் ஒரு செய்தி வந்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி, பள்ளிக்கரணை நிறுவனத்தின் விஞ்ஞானி ஆர். ரமேஷ், பிரான்ஸின் நோட்டீல் நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் 4,025 மீட்டர் இறங்கியிருக்கிறார். மறுநாள் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டர். மத்ஸ்யாவுக்கான பயிற்சி. பையனுக்கு அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை, வேறொன்று வந்தது:

"சித்தப்பா, நைனா கேக்கறாரு, ஏத்துறதைக் காட்டுற வீடியோ இருக்கான்னு. அம்மா கேக்கறாங்க, நெட்டு காசு யாரு குடுப்பாங்கன்னு."

முதலாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதற்கு 349 ரூபாய் ரீசார்ஜ் போட்டுவிட்டேன்.